பதினாறாவது பெயர்

2025 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை இரவு. சேலையூரில் என் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து போனில் பதினைந்து பெயர்களை டைப் செய்துவிட்டு, பதினாறாவது பெயருக்காக முக்கால் மணி நேரம் சும்மா இருந்தேன்.

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிற ஹாக்கி அணி எங்களுடையது. பெரிய அணியெல்லாம் இல்லை. சில ரயில்வேக்காரர்கள், சில கல்லூரிப் பையன்கள், என்னைப்போல ஓ.எம்.ஆர். ஆபீஸ்களில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள் சிலர். வருடத்துக்கு ஒருமுறை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்து டர்ஃபில் ஆடக் கிடைக்கிற மாதிரி ஒரு கிளப் போட்டி வரும். மண்தரையில் ஆடுகிறவர்களுக்கு அதுதான் உலகக் கோப்பை. எக்செல் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால் அணியின் மேனேஜர் வேலை என் தலையில் விழுந்திருந்தது. பட்டியலை மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். பின்களத்தில் ஒரு இடம் பாக்கி. அந்த இடத்துக்கு இரண்டு பேர்.

ஒருவர் அண்ணன். பெயர் வேண்டாம், மைதானத்தில் எல்லாருக்குமே அவர் அண்ணன்தான். வயது நாற்பத்தேழு. ரயில்வேயில் வேலை. நான் எட்டாவது படிக்கும்போது, கிரிக்கெட்டில் யாரும் சேர்த்துக்கொள்ளாமல் பவுண்டரியில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, கைப்பிடியில் துணி சுற்றிய ஒரு பழைய ஸ்டிக்கைக் கொடுத்து, "புடிச்சுப் பாரு" என்றவர். என் அப்பா இறந்த வருடம் நான் மைதானத்துக்கே போகாமல் இருந்தேன். ஏழு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டு, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எட்டாவது வாரம் நான் ஷூவோடு வெளியே வந்தேன். "ஏறு" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு டீக்கடையில், "இந்த வருஷத்தோட போதும்டா. கடைசியா ஒருதடவ டர்ஃப்ல ஆடிட்டு ஸ்டிக்க வெச்சிடறேன்" என்று சொல்லியிருந்தார்.

இன்னொருவன் தம்பி. பத்தொன்பது வயது. விளையாட்டு விடுதியில் இரண்டு வருடம் இருந்தவன், டர்ஃபில் பழகியவன். பெருங்களத்தூரிலிருந்து சைக்கிளில் வருவான். அவன் ஓடுகிற வேகத்தை எங்கள் அணியில் யாரும் ஓடி முடித்ததில்லை. அவனுக்கு இந்தப் போட்டி விளையாட்டு மட்டும் இல்லை. எழும்பூரில் ஆடினால் யாராவது பார்ப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட்டோ வேலையோ அமையலாம். அவன் அம்மா என்னிடம் ஒருமுறை கேட்டிருந்தார்: "இதுல எதாச்சும் ஆவும்ங்களா சார்?"

கோச்சுக்குப் போன் செய்தேன். "ரெண்டு பேர்ல யார் வந்தாலும் எனக்கு ஓகே. நீயே போட்டுடு" என்றார். பெருந்தன்மையான பதில் மாதிரி இருந்தது. போனை வைத்த பிறகுதான் புரிந்தது, பாரத்தை இறக்கி என் மடியில் வைத்துவிட்டார்.

*

ஃபார்வர்டாக இருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு கஷ்டமில்லை. ஃபார்வர்டின் வயது எல்லாருக்கும் தெரிந்துவிடும். போன வருடம் பத்து கோல் போட்டவர் இந்த வருடம் மூன்று போட்டால் கணக்கு முடிந்தது. பின்கள ஆட்டக்காரனின் வயது அப்படித் தெரியாது. அவனுடைய நல்ல வேலை என்பது நடக்காமல் போன விஷயங்கள்தான்.

2023 ஆகஸ்ட் 12 அன்று எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி ஆட்டம். மலேசியாவிடம் பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் இந்தியா 4-3 என்று ஜெயித்த அந்த ஆட்டத்துக்கு அண்ணனும் நானும் தாம்பரத்தில் ரயில் ஏறிப் போயிருந்தோம். எல்லாரையும் போல நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தோளில் தட்டி, "பந்தப் பாக்காத, ரோஹிதாஸப் பாரு" என்றார். அமித் ரோஹிதாஸ் அப்போது பந்தைவிட்டு எங்கேயோ இருந்தார். ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தார். இரண்டடி இடது பக்கம், ஒரு அடி பின்னால். அவர் நகர்ந்ததால் மலேசியக்காரர் அந்தப் பக்கம் பாஸ் கொடுக்காமல் வேறு பக்கம் கொடுத்தார். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. நான் இருபது வருடத்துக்கு மேல் ஹாக்கி பார்த்தவன், அன்றைக்குத்தான் தற்காப்பைப் பார்த்தேன்.

இளைஞன் தவறு செய்துவிட்டுத் திரும்பி ஓடி வந்து பந்தைப் பறிப்பான். கேலரி கைதட்டும். அனுபவசாலி அந்தத் தவறையே செய்யாமல் நின்ற இடத்தில் நின்றிருப்பார். யாரும் கைதட்டமாட்டார்கள். என் தொழிலிலும் இதேதான். நள்ளிரவில் விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்தியவருக்கு எல்லாரையும் சிசியில் போட்டுப் பாராட்டு மெயில் வரும். விழாத மாதிரி எழுதியவர் அப்ரைசலில் 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' வாங்குவார். ஆட்குறைப்புப் பட்டியல் போடும்போது எந்தப் பெயர் முதலில் கண்ணில் படும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் மூத்த பின்களக்காரரை எடைபோடும்போது நம் தராசு ஆரம்பத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆட்டம் இளைஞர்கள் பக்கம் சாய்ந்து ஐம்பது வருடமாகிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. பந்து வேகமானது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஆஃப்சைடு விதி போய்விட்டது. எதிரணி ஃபார்வர்ட் உங்கள் முதுகுக்குப் பின்னால் கோல் பக்கத்திலேயே நிற்கலாம். பெனால்டி கார்னரில் டிராக் ஃப்ளிக் அடிப்பவரை நோக்கி நெஞ்சைக் காட்டிக்கொண்டு ஓட ஒருவர் வேண்டும். முதல் ரஷர் என்பார்கள். அந்த வேலைக்கு அனுபவத்தோடு காலும் வேண்டும். எங்கள் போட்டியில் ஆறு நாளில் ஐந்து ஆட்டம். அண்ணனுக்கு முதல் ஆட்டத்தில் முட்டி தாங்கும். மூன்றாவதில் தாங்குமா என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

*

இந்தக் கேள்வியை நம் நாட்டு ஹாக்கி பலமுறை சந்தித்திருக்கிறது. சில தடவை ரொம்ப மோசமாக.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியது. 1966-க்குப் பிறகு, 32 வருடம் கழித்து வந்த தங்கம். கேப்டன் தன்ராஜ் பிள்ளை, புனேக்குப் பக்கத்தில் கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தங்கத்தோடு திரும்பியதும் அடுத்த அணியில் அவர் இல்லை. அவரோடு இன்னும் ஆறு மூத்த வீரர்களும் இல்லை. அதிகாரபூர்வமாகச் சொன்ன காரணம், 'ஓய்வு'. ஆட்டச் சம்பளம் பற்றி நிர்வாகத்திடம் வாய் திறந்ததற்கான தண்டனை என்றுதான் பல வீரர்கள் நினைத்தார்கள். 'இளைஞர்களுக்கு வாய்ப்பு', 'சீனியர்களுக்கு ஓய்வு' போன்ற சொற்களைக் கேட்கும்போது எனக்கு முதலில் சந்தேகம் வருவதற்கு இதுதான் காரணம். எதிர்காலம் என்ற சொல்லுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவைக்கலாம்.

ரூபிந்தர் பால் சிங்கின் கதை வேறு மாதிரி. பின்கள வீரர், டிராக் ஃப்ளிக்கர். 2018-ல் புவனேஸ்வர் உலகக் கோப்பைக்கு அவரை எடுக்கவில்லை. திரும்ப வந்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 வருடத்துக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தபோது, அந்த ஐந்து கோல்களில் ஒன்று அவருடையது. அந்த வருடம் செப்டம்பர் 30 அன்று ஓய்வை அறிவித்தார். வயது 30. இளம் வீரர்களுக்கு வழிவிட வேண்டிய நேரம் என்றார். அதே நாளில் இன்னொரு பின்கள வீரர் பிரேந்திர லாக்ராவும் ஓய்வை அறிவித்தார். முழங்கால் காயத்தால் ரியோ ஒலிம்பிக்கைத் தவறவிட்டு, டோக்கியோவுக்காக ஐந்து வருடம் காத்திருந்தவர் லாக்ரா.

கதை அங்கே முடியவில்லை. 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. புதிய பையன்கள் நிறைந்த ஒரு அணியை அனுப்புகிறார்கள். அதற்கு கேப்டனாக யாரைப் போட்டார்கள் தெரியுமா? ஓய்விலிருந்து திரும்பிய ரூபிந்தரை. துணை கேப்டன், அவரைப் போலவே திரும்பி வந்த லாக்ரா. இளைஞர்களுக்கு வழிவிட்டுப் போனவர்களை எட்டு மாதத்தில், இளைஞர்களுக்கு வழிகாட்டக் கூப்பிட்டார்கள். பயிற்சியில் ரூபிந்தருக்கு மணிக்கட்டில் அடிபட்டது. அவருடைய இடத்துக்கு நீலம் சஞ்ஜீப் செஸ் என்ற இளம் பின்கள வீரர் வந்தார். லாக்ரா கேப்டனானார். அணி வெண்கலம் வாங்கியது. அனுபவமா இளமையா என்ற கேள்விக்கு இந்த ஒரு வருடக் கதைக்குள்ளேயே இரண்டு பதிலும் இருக்கின்றன.

மூத்தவரை வைத்துக்கொண்டதால் எல்லாருக்கும் நல்லது நடந்த கதையும் உண்டு. பி.ஆர். ஸ்ரீஜேஷ் கோல்கீப்பர், ஆனால் கேள்வி அதேதான். 36 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். கால் இறுதியில் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதி ஆட்டம் முழுக்க பத்துப் பேரோடு பிரிட்டனைத் தடுத்து நிறுத்தி, ஷூட்அவுட்டில் ஜெயித்ததில் அவர் பங்கு பெரியது. வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார். நாம் எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். அந்த ஸ்டேட்டஸில் இல்லாத பெயர் கிரிஷன் பதக். ஸ்ரீஜேஷைவிட ஒன்பது வயது இளையவர், நல்ல கோல்கீப்பர். ஒலிம்பிக் அணியில் பதினாறு இடம்தான், கோல்கீப்பருக்கு அதில் ஒன்றே ஒன்று. டோக்கியோவிலும் பாரிஸிலும் பதக் மாற்று வீரர். எடுத்த முடிவு சரியாகவே இருந்தாலும் அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். சரியாக முடிந்துவிட்டால் அந்த விலையை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

*

மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது திருக்குறளின் அதிகார வரிசை ஞாபகம் வந்தது. செய்ந்நன்றி அறிதல் பதினோராவது அதிகாரம், அறத்துப்பாலில் இல்லறவியலில் வருகிறது. யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று பேசும் தெரிந்துவினையாடல் 52-வது அதிகாரம், பொருட்பாலில் அரசியலில் வருகிறது. நன்றி வீட்டு விஷயம், ஆள் தேர்வு அரசு விஷயம் என்று வள்ளுவர் பிரித்துவைத்துவிட்டார் என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்படியானால் அண்ணன் வீட்டுக் கணக்கு, பட்டியல் அரசாங்கக் கணக்கு. இரண்டையும் குழப்பாதே. முடிந்தது. ஆனால் 52-க்கு அடுத்த அதிகாரம் என்ன என்று யோசித்தேன். சுற்றந்தழால். தன்னைச் சேர்ந்தவர்களை அணைத்துக்கொள்வது. அதுவும் அரசியலில்தான். திறமை பார்த்து வேலை கொடு என்று பத்துக் குறள் சொன்ன கையோடு, உன் மனிதர்களை விட்டுவிடாதே என்று அடுத்த பத்து. வள்ளுவர் எனக்குத் தப்பிக்கும் வழி எதையும் வைக்கவில்லை.

அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலில் ஒரு புல்லாங்குழல் உதாரணம் தருகிறார். நல்ல குழலை யாருக்குக் கொடுப்பது? உயர்ந்த குலத்தில் பிறந்தவனுக்கோ அழகனுக்கோ இல்லை, நன்றாக வாசிப்பவனுக்கு. இரண்டாயிரத்து முந்நூறு வருடம் கழித்து அமர்த்தியா சென் 2009-ல் வந்த தன் 'நீதி பற்றிய கருத்து' நூலில் அந்தக் குழலைத் திரும்ப எடுத்து மூன்று குழந்தைகளுக்கு நடுவில் வைத்தார். ஒரு குழந்தைக்கு வாசிக்கத் தெரியும். இன்னொன்றுக்கு விளையாட வேறு எதுவுமே இல்லை. மூன்றாவது குழந்தைதான் மாதக்கணக்கில் உழைத்து அந்தக் குழலைச் செய்தது. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சென்னின் பேச்சு.

எங்கள் அணியில் குழலைச் செய்தவர் அண்ணன். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதிலிருந்து, பள்ளி நிர்வாகத்திடம் ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி வாங்கியதுவரை அவர்தான். விளையாட வேறு எதுவும் இல்லாத குழந்தை தம்பி. வாசிக்கத் தெரிந்தவர் யார் என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. ஒரே ஒரு ஆட்டம் என்றால் அண்ணன். ஆறு நாளில் ஐந்து ஆட்டம் என்றால் தம்பி.

ஒரு விஷயம் மட்டும் அந்த முக்கால் மணி நேரத்தில் தெளிவானது. அண்ணனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த ஏழு ஞாயிற்றுக்கிழமை ஹாரனுக்கு, அந்தத் துணி சுற்றிய ஸ்டிக்குக்கு. ஆனால் பதினாறாவது இடம் என்னுடைய சொத்து இல்லை. அது அணியில் மற்ற பதினைந்து பேருடையது. தம்பியுடையதாகவும் இருக்கலாம். என் கடனை அதை வைத்து அடைத்தால், அடுத்தவன் காசில் அடைத்ததாக ஆகிவிடும். பரிசுத்தமான நன்றி மாதிரி தெரிகிற பல விஷயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. அரசியலில் நாம் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

அதே கறாரைத் தம்பி பக்கமும் காட்ட வேண்டும். அவனுடைய எதிர்காலத்துக்காக அவனை எடுப்பதும், என் இரக்கத்தை அணியின் செலவில் தீர்த்துக்கொள்வதுதான். அதோடு எதிர்காலம் என்பது தீராத வாதம். பத்தொன்பதுக்குப் பின்னால் பதினேழு வயதுக்காரன் ஒருவன் எப்போதும் நின்றுகொண்டிருப்பான். அதை மட்டும் காரணமாகச் சொன்னால் இருபத்தைந்து வயதுக்கு மேல் யாரும் ஆட முடியாது. 1980-ல் மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியில் பெரும்பாலோர் ஒலிம்பிக்குக்குப் புதியவர்கள். ஆனால் கேப்டன் வி. பாஸ்கரன், நம் ஆரணியில் பிறந்தவர், மாண்ட்ரியலில் ஏழாவது இடத்தில் முடித்த கசப்பைப் பார்த்துவிட்டு வந்தவர். புதியவர்களுக்கு நடுவில் அந்தக் கசப்பு தெரிந்த ஒருவரும் தேவைப்பட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: இந்த ஆறு நாளில், இந்தத் தரையில் யார்? இரவு பதினொன்று நாற்பதுக்குத் தம்பியின் பெயரை டைப் செய்தேன்.

*

இதுவரை நான் செய்ததில் பெரிய தவறில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தவறு அடுத்த நிமிடத்தில் நடந்தது. பட்டியலை அப்படியே அணியின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டு, போனை சைலண்டில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் அண்ணனிடமிருந்து ஒரு கட்டைவிரல் குறி. நேரம் 11.42. இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கிறார். விழித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1965-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சொன்ன விஷயம் இது. இரண்டு கடமைகள் மோதும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், தேர்ந்தெடுக்காத கடமை காணாமல் போய்விடாது. முடிவு சரியாகவே இருந்தாலும் அது மிச்சமாக நிற்கும். இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை. நாங்கள் படித்ததெல்லாம் ஆப்டிமைசேஷன். அதில் சிறந்த விடை கிடைத்துவிட்டால் மற்ற விடைகளுக்கு நாம் எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. மனிதர்களை வரிசைப்படுத்தும்போது அப்படி இல்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அல்லது அண்ணன் ஹாரன் அடித்தபோது சொன்னதை நான் கவனிக்கவில்லை.

அந்த மிச்சத்தை என்ன செய்வது? ஐஸ் ஹாக்கியில் ஒரு கதை உண்டு. ஸ்டெனோ சாரா, பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணியின் பின்கள வீரர். 14 வருடம் கேப்டன். 2011-ல் ஸ்டான்லி கோப்பை வாங்கித் தந்தவர். 2020 இறுதியில் அணி இளம் பின்கள வீரர்களை ஆடவைக்க நினைத்தது. 43 வயதில் அவர் வாஷிங்டனுக்குப் போனார். 2022 செப்டம்பரில், ஓய்வு பெறுவதற்காகவே பாஸ்டனோடு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டார். ஒரு ஆட்டம்கூட ஆடாத ஒப்பந்தம். ஆனால் அவர் பாஸ்டன்காரராக ஓய்வு பெற்றார். நம் ஊரிலும் ஸ்ரீஜேஷ் போனபோது அவருடைய 16-ஆம் எண் ஜெர்சிக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அவரை ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளராக்கினார்கள். 2025 டிசம்பரில் அதே எழும்பூர் ஸ்டேடியத்தில், ஜூனியர் உலகக் கோப்பையில் அவருடைய பையன்கள் வெண்கலம் வாங்கினார்கள். அணியில் இடம் கொடுக்காமலும் கடனை மதிக்க முடியும் என்பதற்கு இவை உதாரணங்கள்.

எங்கள் போட்டிக்கு வருகிறேன். தம்பி இரண்டாவது ஆட்டத்தில் ஆளைவிட்டுப் பந்தைத் துரத்தி ஒரு கோல் வாங்க வைத்தான். மூன்றாவது ஆட்டத்தில், அண்ணனாக இருந்தால் நிச்சயம் எட்டியிருக்க முடியாத ஒரு பந்தை நாற்பது மீட்டர் ஓடி வந்து கோட்டில் தடுத்தான். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். லீக்கிலேயே கோல் வித்தியாசத்தில் வெளியே வந்தோம். நான் எடுத்த முடிவு சரியா தவறா என்பதற்கு அந்தப் போட்டி எந்தப் பதிலும் சொல்லவில்லை.

அண்ணன் மூன்று ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. நான்காவது ஞாயிறு நான் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ போட்டுக் கொடுத்தார். "ஏன்ணா வரல?" என்றேன்.

"முட்டி வலிடா."

கொஞ்ச நேரம் டி.வி. பார்த்தோம். பிறகு அவரே சொன்னார்: "அன்னிக்கு நானே சொல்லியிருக்கணும், பையன எடுத்துக்கன்னு. பெரியவனா லட்சணமா நானே ஒதுங்கியிருக்கணும். உன்ன அந்த நெலமையில வுட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

'தானாக விலகிக்கொள்வதுதான் பெரியமனுஷத்தனம்' என்று நாம் பழக்கிவைத்திருக்கிறோம். சினிமாவில், ஆபீஸில், வீட்டில், எல்லா இடத்திலும். ரூபிந்தர் மாதிரி ஒருவர் வழிவிட்டுப் போனால் பாராட்டுகிறோம். அவர் மனதில் என்ன இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும், அது அவர் உரிமை. ஆனால் அதை எல்லா மூத்தவர்களிடமும் எதிர்பார்க்க ஆரம்பித்தால், முடிவெடுக்க வேண்டியவன் தன் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடுகிறான். ஒதுங்கினால் பெரியமனுஷன், ஒதுங்காவிட்டால் ஆசை பிடித்தவன். நாற்பத்தேழு வயதில் ஒருவர் இன்னும் ஆட ஆசைப்படுவதில் என்ன குற்றம்? அந்த ஆசைதான் இருபது வருடத்துக்கு மேல் எங்கள் மைதானத்துக்குக் கோடு போட்டது. 'இல்லை' என்று சொல்வது என் வேலை. அதை முகத்தைப் பார்த்துச் சொல்வதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான்.

"இல்லணா, நீங்க ஆடணும்னு நெனச்சதுல தப்பே இல்ல. உங்களுக்கு ஒரு போன் பண்ணாம லிஸ்ட்டப் போட்டது நான்."

அண்ணன் சிரித்தார். "ஆமா. அது தப்புதான்."

அந்த 'ஆமா'வுக்குப் பிறகுதான் எனக்கு டீ இறங்கியது. உற்சாகத்தில், ஸ்ரீஜேஷை மனதில் வைத்துக்கொண்டு, "நம்ம பசங்களுக்கு நீங்க கோச்சா வாங்கணா. தம்பிக்கு நீங்கதான் சொல்லித்தரணும்" என்றேன். இதுதான் கடனை அடைக்கிற வழி என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குச் சொல்லிக்குடுக்க வராதுடா. ஆடத்தான் வரும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒருவருக்கு வேண்டியது ஒன்றாக இருக்கும்போது, நம்மால் கொடுக்க முடிந்தது இன்னொன்றாக இருக்கலாம். அப்போது மிச்சம் மிச்சமாகவே இருக்கும்.

*

அண்ணன் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மண்தரையில் இரண்டாகப் பிரிந்து ஆடும்போது பின்களத்தில்தான் நிற்கிறார். டர்ஃப் பற்றிப் பேசுவதில்லை. தம்பிக்கு இன்னும் எந்தக் கோட்டாவும் அமையவில்லை; இரண்டு இடத்தில் டிரையல்ஸ் போய்வந்திருக்கிறான். இந்த வருடப் பட்டியல் அடுத்த மாதம் போட வேண்டும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு முதலில் போன், அப்புறம்தான் வாட்ஸாப் என்று குழுவில் எழுதிவைத்திருக்கிறேன். எனக்கும் முப்பத்தேழு ஆகிறது, இடது முட்டியில் மாடிப்படி ஏறும்போது ஒரு சத்தம் கேட்கிறது. பதினாறாவது பெயர் என்னுடையதா என்று யோசிக்க வேண்டிய வருடம் தூரத்தில் இல்லை.

போன ஞாயிறு நானும் அண்ணனும் ஒரே பக்கம். தம்பி எதிர்ப்பக்கம். வலது ஓரத்தில் பந்தோடு வந்தான், நான் பந்தையே பார்த்துக்கொண்டு அவனை நோக்கிப் போனேன். பின்னாலிருந்து அண்ணன் குரல்: "லெஃப்ட்ல நில்லு. லெஃப்ட்ல." ஏன் என்று தெரியாமல் இரண்டடி இடது பக்கம் நகர்ந்தேன். தம்பி நிமிர்ந்து பார்த்தான், பாஸ் கொடுக்க நினைத்த இடத்தில் நான் நின்றிருந்தேன். பந்தைத் திருப்பிப் பின்னால் தள்ளிவிட்டு வேறு பக்கம் ஓடினான்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் கைதட்டவில்லை.